நிலவின் நிழற்படமும் ஒப்புநோக்கு நெறியும்

1. தோற்றுவாய்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், தாம்பரத்திற்கு மேற்கே, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய ஊர்களை அடுத்து அமைந்துள்ளது மணிமங்கலம். வரலாறு பயில்வார்க்கு இவ்வூர் புதிதன்று. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியைப் பொருது வென்ற களங்களுள் மணிமங்கலமும் ஒன்றாகும். கி. பி. ஏழாம் நூற்றாண்டில் நிகழ்ந்த அப்போரை நமக்கு அறிவிப்பது, நரசிம்மவர்மனின் பேரனாகிய முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு. புறங்காட்டிய புலிகேசியின் முதுகையே ஏடாகக் கொண்டு வெற்றி என்னும் சொல்லை எழுதியவன் என்று அச்செப்பேடு நரசிம்மவர்மனைப் புகழ்கின்றது.

வென்றவன் வழியினர் தம் முன்னோனைப் பற்றி எழுதிய புகழுரை ஒன்றையே கொண்டு வரலாறு வரைதல் பொருந்தாது. பகைவனின் தலைநகராகிய வாதாபியில், அஃதாவது இன்றைய பாதாமியில், பாறையின்மேல் நரசிம்மவர்மனின் கல்வெட்டுக் காணப்படுகின்றது. காஞ்சியை அடுத்த ஊரின் செப்பேடும் கன்னட நாட்டுப் பாறையும் ஒன்றையொன்று தாங்கி நிற்றலாலேயே பல்லவன் வெற்றி ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றது. ஒரு சான்று தனித்து நின்று உரைப்பது செய்தி. மற்றொரு சான்றோடு ஒத்துநின்று உரைப்பதே வரலாறு.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த நம் பெரியோரும் இந்நெறியையே கைக்கொண்டனர். ஒரு சுவடியின் பாடத்தைப் பிற சுவடிகளின் பாடங்களோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளை அடிக்குறிப்பிற் காட்டி, இடைச்செருகலை விலக்கினர். இவ்வொப்புநோக்கு நெறி இலக்கியத்திற்கும் கல்வெட்டிற்கும் மட்டும் உரியதன்று. நிலவையும் கோள்களையும் நிழற்படம் எடுத்த வரலாறு முழுவதையும் இந்நெறியே இயக்கிவந்துள்ளது. அதனைத் தமிழகத்து நிகழ்ச்சிகளைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மணிமங்கலத்தை முதற்கண் கூறியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அஃது இறுதியில் விளங்கும்.

2. கண்ணும் தட்டும்

வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒளியுருவைப் பதிக்கும் முறையைப் பிரெஞ்சு நாட்டுத் தாகேர் என்பார் 1839-இல் உலகிற்கு அறிவித்தார். மறு ஆண்டிலேயே நியூயார்க்கு நகரில் சான் வில்லியம் டிரேப்பர் அம்முறையால் நிலவின் உருவைப் பதித்தார். அதன்பொருட்டுத் தகட்டின்மேல் ஏறத்தாழ 20 நிமிடம் ஒளியை விழச்செய்ய வேண்டியிருந்தது. ஆர்வர்டு வானாய்வு நிலையத்தில் பாண்டு, விப்பிள் என்னும் இருவர் 15 அங்குலத் தொலைநோக்கியின் வாயிலாக எடுத்த நிலவுப் படம், 1851-இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டுப் பரிசும் பெற்றது.

அதுகாறும் நிலவின் தோற்றம் காண்பவன் கண்ணையும் கையையும் சார்ந்திருந்தது. கண்டவன் வரைந்தான், வரைந்ததைப் பிறர் நம்பினர். நிழற்படம் வந்தபின் இடையில் நின்ற கை விலகிற்று. எனவே, இனி ஐயமே எழாது என்று பலர் கருதினர். அக்கருத்துத் தவறு என்பதைச் செவ்வாய்க் கோளின் வரலாறு காட்டிற்று. 1877-இல் இத்தாலிய அறிஞர் சியாப்பரெல்லி செவ்வாயின்மேல் நேர்கோடுகளைக் கண்டதாக அறிவித்தார். அமெரிக்க அறிஞர் பெர்சிவல் லோவெல் அவற்றை அறிவுடைய உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என விளக்கினார். 1905-இல் அவருடைய நிலையத்தார் செவ்வாயை நிழற்படம் எடுத்தனர். படங்கள் மிகச் சிறியன. கோடுகள் உண்டு என்று நம்பியவர்கள் அப்படங்களிற் கோடுகளைக் கண்டனர். நம்பாதவர்கள் அதே படங்களில் ஒன்றும் காணவில்லை. 1965 சூலையில் மாரினர் 4 என்னும் விண்கலம் செவ்வாயை அணுகிச் சென்று 21 முழுப் படங்களை அனுப்பிய பின்னரே வழக்கு முடிந்தது. அவற்றில் கால்வாய் இல்லை. நிலவில் உள்ளவை போன்ற வட்டக் குழிகளே காணப்பட்டன.

இதனால் பெறப்படுவது ஒன்று. நிழற்படம் கையின் பிழையை நீக்கும். படிப்பவனின் பிழையை நீக்காது. சிதைந்த ஏட்டில் தான் விரும்பும் சொல்லைப் படிப்பவனைப் போன்றே மங்கிய படத்தில் தான் விரும்பும் உருவைக் காண்பவனும் உளன். அவனைத் திருத்துவது வேறொரு படியே.

3. சென்னை வானாய்வு நிலையம்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானாய்வு நிலையம் கட்டப்பெற்றது. அங்கே கருவியைத் தாங்குதற்கென நிறுத்தப்பட்ட கருங்கல் தூணில், ஆயிரம் ஆண்டு கழித்து வருவோரும் அறியவேண்டும் என்னும் கருத்தோடு எழுத்துப் பொறித்தனர். இலத்தீன் முதலிய மொழிகளோடு தமிழும் தெலுங்கும் அத்தூணில் இடம்பெற்றன. கோயிற் சுவரில் அறக்கொடையைச் சந்திர சூரியர் உள்ளளவும் நிற்கக்கடவதாக வெட்டிவைத்த நாட்டில், அச்சந்திர சூரியரை அளக்கும் பணிக்கும் ஒரு தமிழ்க் கல்வெட்டு ஏற்பட்டது. கல்வெட்டு ஆராய்வார் இத்தூணையும் தம் எல்லைக்குட்பட்டதாகக் கொள்ளல் தகும்.

1861-இல் இந்நிலையத்தின் பொறுப்பேற்ற நார்மன் போக்சன், அவ்வாண்டு ஏப்பிரலில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு 'ஏசியா' எனப் பெயரிட்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் அதுவே. 1885 வரையில் இவ்வாறு ஐந்து சிறுகோள்களை அவர் சென்னையிலிருந்து கண்டறிந்தார். அக்காலத்தில் இப்பணிக்கு நிழற்படம் பயன்படவில்லை. விண்மீன் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொலைநோக்கியில் வானத்தை நோக்குவர். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று வானத்தில் இருப்பின், மறுநாள் இரவும் அதனைப் பார்ப்பர். இடம் பெயர்ந்திருப்பின் அது விண்மீன் அன்று; கோள். முன்னைய பதிவு, இன்றைய காட்சி என்னும் இரண்டையும் ஒப்பிடுவதே முறை.

போக்சனிடம் முதல் உதவியாளராகப் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியாரும் இம்முறையிலேயே சிறந்தார். ரெட்டிகுலம் என்னும் தென்வானக் குழுவிலுள்ள விண்மீன் ஒன்றன் ஒளி, முன்பு குறித்த அளவிலிருந்து மாறுவதை அவர் 1867-இல் கண்டறிந்தார். 1874-இல் வெள்ளிக் கோள் ஞாயிற்றின் வட்டத்தைக் குறுக்கிட்டுச் செல்லவிருந்த நிகழ்ச்சியைப் பற்றி உரையாடல் நடையில் ஒரு நூலும் எழுதினார். நம் நாட்டுப் பஞ்சாங்கக் கணிதரும் பொதுமக்களும் புதிய வானநூலை அறியவேண்டும் என்பது அவர் கருத்து. வானத்தை நோக்குதலும் நோக்கியதை நாட்டு மக்களுக்கு எடுத்துரைத்தலும் ஒரே பணியின் இரு பகுதிகள் என அவர் கொண்டமை போற்றுதற்குரியது.

4. இரு மலைகளின் சான்று

தென்னிந்தியாவில் நிழற்படம் வான ஆராய்ச்சிக்கு உதவிய முதற் பேரநிகழ்ச்சிகள் கதிரவன் மறைப்புகளே. நிலவின் கரிய வட்டம் ஞாயிற்றை மறைக்கும்பொழுது அதனைச் சூழ ஒரு வெண்ணிற ஒளிமுடி தோன்றும். அவ்வொளிமுடி ஞாயிற்றுக்கு உரியதா, நிலவைச் சூழ்ந்த காற்றுக்கு உரியதா, நம் பூமியின் காற்றில் தோன்றும் மயக்கமா என்பது அக்காலத்துப் பெரிய ஐயம். 1868 ஆகத்து 18-ஆம் நாள் மறைப்பின்போது குண்டூரில் தென்னன்டு என்னும் படைத்துறை அறிஞர் நிழற்படங்கள் எடுத்தார். எனினும், ஓரிடத்துப் படம் அவ்வையத்தைத் தீர்க்க இயலாது.

1871 திசம்பர் 12-ஆம் நாள் மற்றொரு முழு மறைப்பு நேர்ந்தது. இம்முறை தென்னன்டு நீலகிரியின் தொட்டபெட்டா மலைமீது நின்று படம் எடுத்தார். மேலைக் கடற்கரையில் பேக்கல் என்னும் இடத்தில் லின்சே பிரபுவின் குழுவினர் படம் எடுத்தனர். போக்சன் அவிநாசியில் இருந்து நோக்கினார். பின்னர்த் தொட்டபெட்டாப் படங்களையும் பேக்கற் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தனர். ஒளிமுடியின் கதிர்களும் பிளவுகளும் இரண்டிலும் ஒத்திருந்தன. கடற்கரைக் காற்றும் மலையுச்சிக் காற்றும் வேறு வேறு. இரண்டும் ஒரே மயக்கத்தைத் தோற்றுவித்தல் அரிது. நிலவு நகர்ந்தபோதும் ஒளிமுடியின் அமைப்பு நகரவில்லை. எனவே, அது ஞாயிற்றுக்கே உரியது என்பது உறுதியாயிற்று. கூரமும் பாதாமியும் போன்று தொட்டபெட்டாவும் பேக்கலும் ஒன்றற்கொன்று சான்றாயின.

ஒப்புநோக்கு எப்பொழுதும் வெற்றி தருவதன்று என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 1874 திசம்பர் 9-ஆம் நாள் வெள்ளியின் இடைநகர்வை உலகின் பல இடங்களில் படம் எடுத்தனர். இந்தியாவில் உரூர்க்கியில் தென்னன்டு அப்பணியைச் செய்தார். வெவ்வேறு நிலங்களில் எடுத்த படங்களை அளந்து ஒப்பிட்டால் ஞாயிற்றின் தொலைவு பெறப்படும் என்று எதிர்பார்த்தனர். ஆனால், படங்களில் ஞாயிற்றின் விளிம்பு தெளிவாக அமையவில்லை; பிரித்தானியக் குழுவினரின் நிழற்பட அளவீடுகள் ஏமாற்றம் அளித்தன. ஒப்பிடுதற்குரிய இரண்டும் தெளிவாக இருத்தல் வேண்டும் என்பதே இதனால் பெறும் படிப்பினை.

5. காவலூர்

1899-இல் வான ஆராய்ச்சிப் பணி சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு மாறியது. அங்கு 1904 முதல் ஞாயிற்றை நாள்தோறும் படம் எடுத்துத் தொகுத்த கண்ணாடித் தட்டுகள் இன்று உலகிற் கிடைத்தற்கரிய கருவூலமாகும். எடுத்த நாளில் அவற்றுட் பல சிறப்பற்றனவாகத் தோன்றியிருக்கும். நூறாண்டு கழித்து ஒப்பிடும்பொழுதே அவற்றின் அருமை விளங்குகின்றது. கணினியிற் பதிவு செய்து அவற்றை ஆராய்வார்க்கு வழங்கியுள்ளமை பயனுடைய பணி.

சவ்வாது மலையில் உள்ள காவலூரில் 1960-களின் இறுதியில் வைணு பாப்புவின் முயற்சியால் ஒரு நிலையம் எழுந்தது. 1972-இல் அங்கு ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அமைந்தது. 1977 மார்ச்சு 10-ஆம் நாள் யுரேனசு என்னும் கோள் ஒரு விண்மீனின் முன்னே செல்லவிருந்தது. காவலூரில் பட்டாச்சாரியா, குப்புசாமி என்னும் இருவர் அவ்விண்மீனின் ஒளியை அளந்து பதிவு செய்தனர். இது நிழற்படம் அன்று. ஒளியின் அளவை நேரத்தோடு குறிக்கும் பதிவு. விண்மீனின் ஒளி சிறிது நேரம் குன்றியதை அவர்கள் கண்டனர். யுரேனசைச் சுற்றும் புதிய துணைக்கோள் ஒன்று மறைத்திருக்கலாம் என முதலிற் கருதி வெளியிட்டனர். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின்மேல் பறந்த வானூர்தியிலிருந்து எலியட்டு என்பாரும் அவர் துணைவரும் நோக்கினர். அவர்தம் பதிவில் கோளின் இரு பக்கமும் ஒளி ஒரே ஒழுங்கிற் குன்றியிருந்தது. மறைத்தது துணைக்கோள் அன்று, வளையம் என்பது அதனால் தெளிவாயிற்று. 1986 சனவரியில் வாயேசர் 2 விண்கலம் அவ்வளையங்களைப் படமாகவே காட்டிற்று.

காவலூரார் கண்டது பொய்யன்று. அவர்கள் பதிவு மெய். அதற்குக் கூறிய பொருளே பின்னர்த் திருந்தியது. நல்ல சுவடியைப் பெற்ற பதிப்பாசிரியர் ஒரு சொல்லுக்குக் கண்ட பொருள், பிறிதொரு சுவடி கிடைத்தபின் திருந்துவதில்லையா? பதிவைச் செம்மையாகச் செய்தவர்க்குரிய சிறப்பு, விளக்கம் மாறியதாற் குறைவதில்லை.

1988 பெப்ருவரி 17-ஆம் நாள் அதே காவலூரில், இராசமோகன் என்னும் அறிஞர் 45 செ. மீ. சிமித்து வகைத் தொலைநோக்கியைக் கொண்டு ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். போக்சனுக்குப் பின் ஒரு நூற்றாண்டிற்கு மேலாக இந்தியாவிலிருந்து சிறுகோள் எதுவும் கண்டறியப்படவில்லை. 4130 என்னும் எண் பெற்ற அச்சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுசனின் பெயர் சூட்டப்பட்டது. போக்சன் வரைபடத்தோடு வானத்தை ஒப்பிட்டார். காவலூரார் நிழற்படத்தோடு நிழற்படத்தை ஒப்பிட்டனர். கருவி மாறியது, நெறி மாறவில்லை.

6. விண்ணிலிருந்து எடுத்த படங்கள்

பூமியில் நிற்பவனுக்கு நிலவு ஒருமுகமே காட்டும். 1959 அக்டோபரில் உருசிய நாட்டு லூனா 3 என்னும் கலம் நிலவின் மறுபுறத்தைப் படம் எடுத்தது. கலத்தினுள்ளேயே படச்சுருள் கழுவப்பெற்று, உலர்த்தப்பெற்று, வானொலி அலைகளாகப் பூமிக்கு அனுப்பப்பட்டது. படங்கள் மங்கலானவை. ஆயினும், மறுபுறத்தில் கரிய சமவெளிகள் மிகக் குறைவு என்பதை அவை உணர்த்தின. 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கக் கலங்கள் ஐந்து நிலவைச் சுற்றிப் படம் எடுத்து, ஏறத்தாழ அதன் முழுப் பரப்பையும் பதிவு செய்தன.

இந்தியாவின் சந்திரயான் 1, 2008 அக்டோபர் 22-ஆம் நாள் சிறீ அரிக்கோட்டாவிலிருந்து புறப்பட்டது. கொங்கு நாட்டில், பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியிற் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை அதன் திட்ட இயக்குநர். அதிலிருந்த நிலவரைபடக் கருவி, 100 கி. மீ. உயரத்திலிருந்து 5 மீட்டர் அளவுள்ள பொருளையும் பிரித்துக் காட்ட வல்லது. ஒரே நிலப்பகுதியை முன்னோக்கியும் நேர்கீழாகவும் பின்னோக்கியும் மூன்று கோணங்களில் அது படம் எடுத்தது. மூன்றையும் ஒப்பிட்டால்தான் மேடும் பள்ளமும் அளவோடு புலப்படும். ஒப்புநோக்கு நெறி இங்கே கருவியின் அமைப்பினுள்ளேயே புகுந்துவிட்டது எனலாம்.

7. ஒரு புள்ளியின் வரலாறு

2019 செப்டம்பர் 7-ஆம் நாள், சந்திரயான் 2 கலத்தினின்று பிரிந்த விக்ரம் என்னும் இறங்குகலம் நிலவின் தென்பகுதியில் இறங்கும்பொழுது தொடர்பை இழந்தது. அமெரிக்க நாசா நிறுவனத்தின் நிலவுச் சுற்றுக்கலம் செப்டம்பர் 17-ஆம் நாள் அப்பகுதியை எடுத்த படங்கள் அம்மாதம் 26-ஆம் நாள் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பட்டன. சென்னையில் வாழ்ந்த சண்முக சுப்பிரமணியன் என்னும் பொறியாளர், தொழில்முறை வானநூலார் அல்லர். அவர் தம் ஓய்வு நேரத்தில், அப்படத்தையும் அதே இடத்தின் பழைய படங்களையும் அருகருகே வைத்துப் பகுதி பகுதியாக ஒப்பிட்டார். பழைய படங்களில் இல்லாத ஒளிப்புள்ளி ஒன்றைப் புதிய படத்திற் கண்டு நாசாவிற்கு எழுதினார். அந்நிறுவனத்தார் மீண்டும் படங்கள் எடுத்து ஆராய்ந்து, அது விக்ரம் கலத்தின் சிதைவே எனத் திசம்பர் 2-ஆம் நாள் உறுதி செய்து, கண்டவர் பெயரையும் வெளியிட்டனர். கலம் மோதிய இடத்திற்கு வடமேற்கே ஏறத்தாழ 750 மீட்டர் தொலைவில் அச்சிதைவு கிடந்தது. தங்கள் சுற்றுக்கலமே இறங்குகலத்தை முன்னர்க் கண்டுவிட்டது என இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் கூறினர். இரண்டையும் குறித்து வைத்தல் வரலாற்றாசிரியன் கடமை.

இந்நிகழ்ச்சியின் சிறப்பு யாது? அவர் எடுத்த படம் ஒன்றும் இல்லை. பெரிய தொலைநோக்கியும் அவரிடம் இல்லை. அவர் கையில் இருந்தவை இரண்டு படங்களும் பொறுமையும் மட்டுமே. முன்னைய படங்கள் அழியாது காக்கப்பட்டிருந்தமையும், அவை எவரும் பார்க்குமாறு திறந்து வைக்கப்பட்டிருந்தமையும் இக்கண்டுபிடிப்பிற்குக் காரணங்கள். நுங்கம்பாக்கத்தில் போக்சன் செய்ததையே ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதே நகரத்தில் ஒருவர் தம் வீட்டிலிருந்து செய்தார்.

8. இடைச்செருகல்

இனி, மீண்டும் மணிமங்கலத்திற்கு வருவோம். பண்டைப் போர்க்களத்தைச் சூழ்ந்த திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் இன்று தொழிற்சாலைகள் நிறைந்த நிலம். 2006 முதல் இவ்வட்டாரம் கைபேசி செய்தலிலும் பெயர் பெற்றது. கைபேசியோ இன்று நிழற்படக் கருவியும் ஆகும். நிலவைப் படம் எடுப்போருள் மிகப் பலர் இன்று தொலைநோக்கி கொண்டு எடுப்பவர் அல்லர். கைபேசி கொண்டு எடுப்பவரே.

உலகச் சந்தையில் உள்ள கைபேசிகளுட் சில, நிலவின் படத்தைத் தாமே மெருகிடுகின்றன. 2023-இல் ஒருவர் இதனைச் சோதித்தார். நிலவின் படம் ஒன்றைக் குழிகளும் கோடுகளும் தெரியாதவாறு மங்கச்செய்து, கணினித் திரையில் இட்டு, இருட்டறையில் கைபேசியால் அதனைப் படம் எடுத்தார். கைபேசி தந்த படத்தில், திரையில் இல்லாத குழிகள் தெளிவாக இருந்தன. பல நிலவுப் படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட அக்கருவி, தான் அறிந்த நிலவைத் தான் கண்ட நிலவின்மேல் எழுதிவிட்டது.

இதற்குத் தமிழாராய்ச்சியார் புதிய பெயர் தேட வேண்டுவதில்லை. இடைச்செருகல் என்னும் சொல் நம்மிடம் உண்டு. மூலத்தில் இல்லாததை, மூலத்தின் நடையிலேயே, குறிப்பு எதுவுமின்றிச் சேர்ப்பதே இடைச்செருகல். அழகாக இருத்தலும் பொருத்தமாக இருத்தலும் அதனை மூலம் ஆக்கமாட்டா. விண்கலங்களின் படங்களும் திருத்தப்படுகின்றனவே எனின், உண்மையே. ஆயின், அங்கே எடுத்த மூலப்பதிவு காக்கப்படுகின்றது. செய்த திருத்தமும் குறிக்கப்படுகின்றது. அது பதிப்பாசிரியர் அடிக்குறிப்போடு செய்யும் பாடத்திருத்தம் போன்றது. திருத்தம் இன்னது என அறிவிக்கப்படுமாயின் கற்போன் மூலத்தை மீட்டுக்கொள்வான். அறிவிக்கப்படாதாயின் மூலம் என்றென்றைக்கும் மறையும்.

விக்ரம் சிதைவைக் காட்டிய ஒரு புள்ளியை இங்கே நினைத்துப் பார்த்தல் வேண்டும். தான் அறிந்த நிலவையே வரையும் கருவிக்கு அப்புள்ளி குறையாகவே தோன்றும். அதனை அழித்து மெருகிட்டுவிடும். புதியது எதுவும் முதலில் குறைபோலவே தோன்றும் என்பதை அறிவியல் வரலாறும் சுவடி வரலாறும் ஒருங்கே உரைக்கின்றன. வழக்கிறந்த சொல் ஒன்றைப் பிழையெனக் கருதித் திருத்திய ஏடெழுதுவோனால் நாம் இழந்தவை பல.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். நிலவின் படமாயினும் கோளின் படமாயினும், எடுத்த நாளும் இடமும் கருவியும் குறிக்கப்பட்டாலன்றி அது சான்றாகாது. மணிமங்கலத்துக் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டும் கிழமையும் விண்மீனும் வெட்டியிருத்தலாலேயே கீல்கார்ன் போன்ற அறிஞர் சோழர் காலக் கணிப்பைச் செய்ய இயன்றது. முதற்பதிவு மங்கலாயினும் காக்கப்படல் வேண்டும். பயன் பின்வருவார் ஒப்பிடும்பொழுதே வெளிப்படும். அவ்வாறு காத்ததை யாவரும் காணத் திறந்து வைத்தலும் வேண்டும்; ஒப்பிடும் கண் எவ்வூரில், எத்தொழிலில் இருக்கும் என்பதை எவரும் முன்னறிய இயலாது.

ஒப்புநோக்கைத் தொழிலாகக் கொண்ட தமிழ்த்துறையினர் இவ்வரலாற்றை அயலார் துறை என ஒதுக்குதல் வேண்டா. நுங்கம்பாக்கத் தூணின் தமிழ்க் கல்வெட்டும், இரகுநாதாசாரியாரின் நூலும், கொடைக்கானலின் கண்ணாடித் தட்டுகளும் இந்நாட்டு ஆவணங்களே. அவற்றைச் சுவடிகளைப் போன்றே பதிப்பித்தும் பயின்றும் பாடம் காட்டவேண்டிய பொறுப்பு நமக்கும் உண்டு. சந்திர சூரியர் உள்ளளவும் என்று நம் முன்னோர் கல்லில் வெட்டினர். அச்சந்திரனின் உருவையும் இடைச்செருகலின்றிப் பின்வருவார்க்கு ஒப்புவித்தல் நம் காலத்தார் கடனாகும்.